கூரைக்குப் போன சங்கிலி

ரிட்டயர் ஆன நாம் நாலு பேர் கூடினால் பேசுவதற்குச் சர்க்கரை, மூட்டுவலி, மருமகள் என்று மூன்று விஷயம்தான் இருக்கிறது. இந்தத் தடவை நான் நாலாவதாக ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். கூரை.

சமீபத்தில் நம் பக்கம் அடித்த ஆலங்கட்டி மழை உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். கார் கண்ணாடி போனது, வாழை போனது என்று ஆளாளுக்குப் போட்டோ அனுப்பினீர்கள். மூலக்குளத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், துணி காயப்போடுகிற இடத்துக்கு மேலே போட்டிருந்த ஷீட் மொத்தமும் நொறுங்கிப்போனது. மறுநாள் ஃபேப்ரிகேஷன் பையன் வந்து டேப் பிடித்து அளந்தான். போனில் தட்டிப் பார்த்து ஒரு தொகை சொன்னான். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சதவிகிதக் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் நான். அவனைத் திரும்பக் கூட்டச் சொன்னேன். சரியாகத்தான் இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

ஹாலில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "இன்னா கேக்குறான்?" என்றாள். எண்பதைத் தாண்டிவிட்டாள்; காது மட்டும் பாம்புக் காது. தொகையைச் சொன்னேன். "கூரைன்னா சும்மாவா" என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள். மிச்சத்தை மறுநாள்தான் சொன்னாள். அதற்கு முன்னால் இன்னொரு கூரையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பயந்த சுபாவக்காரர்கள் பகலில் படியுங்கள் என்று சொல்லலாம் என்றால், அது நடந்ததே உச்சிப் பகலில்தான்.

பாகூர் ஏரிக்குத் தெற்கே எங்கள் ஊர். நெல்லும் கரும்பும். எங்கள் வீடு நாட்டு ஓடு போட்ட வீடு. நடுவில் கூடம், பின்னால் அடுப்படி, வடக்குப் பக்கம் ஓர் அறை. அந்த அறை அத்தையுடையது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணமாகிப் பதினேழு வயதில் தாலியறுத்து, ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தவள். அப்பாவை வளர்த்தது அவள்தான். அந்த வீட்டில் உப்பு எவ்வளவு என்பது முதல் கரும்பு எப்போது வெட்டுவது என்பது வரை அவள் சொன்னதுதான். அம்மா அவள் எதிரில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு அவளிடம் பயம். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த அறைக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். அத்தை பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு கையிலும் ஊதா நிறக் கண்ணாடி வளையல் போட்டிருந்தாள். கல்யாணத்துக்கு வாங்கியதாக இருக்க வேண்டும். கை மெலிந்துவிட்டதால் வளையல்கள் முழங்கை வரைக்கும் ஓடின. ஒரு கையைக் காதோரம் வைத்து மெதுவாக ஆட்டினாள். கேட்டாள். மறுபடியும் ஆட்டினாள். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றித் துணியில் சுற்றும்போதுதான் என்னைப் பார்த்தாள்.

திட்டவில்லை. உள்ளே வரச் சொன்னாள். வெற்றிலையும் பூச்சி உருண்டையும் கலந்த ஒரு வாசனை அந்தப் பெட்டியிலிருந்து வரும். அடியிலிருந்து ஒரு ரெட்டை வடச் சங்கிலியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். கனமாக, ஜில்லென்று இருந்தது.

"இது ஒனக்குத்தான்டி. ஆனா வாய் தொறந்து கேக்காத. நானா ஒரு நாளு குடுப்பேன், அப்ப வாங்கிக்க."

அடுத்த தை மாதமே அத்தை போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல். அவிட்டம் நட்சத்திரம். பஞ்சாங்கம் பார்க்கிறவர் வந்து விரலை மடக்கி எண்ணிவிட்டு, அடைப்பு என்றார். உங்களில் பாதிப்பேருக்குத் தெரியும். சில நட்சத்திரத்தில் செத்தால் உயிர் நேராகப் போகாது, செத்த இடத்தையே சுற்றும் என்று அந்த அறையைப் பூட்டி வைப்பார்கள். அவிட்டத்துக்கு ஆறு மாதம். அவள் படுத்திருந்த இடத்துக்கு நேர் மேலே ஓட்டைப் பிரித்து ஒரு ஆள் தலை நுழையும் அளவுக்கு வழி விட்டார்கள். கதவைப் பூட்டி, குறுக்கே கருவேல முள்ளைக் கட்டினார்கள். சாவி சாமி மாடத்துக்குப் போனது.

"ஆறு மாசத்துக்கு யாரும் உள்ள அடி வக்கக்கூடாது" என்றார் அவர். "மொத அடி வக்கிறவங்க பின்னாலயே அது வந்துரும். வந்தா ஒரு உசுரு கேக்காம போவாது."

நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். 'மொத அடி' என்ற சொல் எனக்குள் அப்படியே உட்கார்ந்துகொண்டது.

பிரித்த கூரை வழியாக உள்ளே வெயில் இறங்கும் அல்லவா, அது உச்சி நேரத்தில் பூட்டிய கதவுக்கு அடியில் ஒரு வெளிச்சக் கோடாகக் கூடத்துக்கு வந்துவிடும். உள்ளே யாரோ விளக்கு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அந்தக் கோட்டை மிதிக்காமல் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு போவேன். அப்பா பார்த்தால் சிரிப்பார். அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. சொந்தக்காரர்கள் வாய்க்குப் பயந்துதான் முள்ளைக் கட்டினார்.

அந்த வருஷம் அம்மா உண்டாகியிருந்தாள். எனக்குப் பிறகு ஒன்பது வருஷம் கழித்து. கோயில் கோயிலாகச் சுற்றிக் கிடைத்த வயிறு அது. சாவு விழுந்த வீடு என்பதால் ஏழாம் மாதம் வளைகாப்பு வீட்டில் வைக்கவில்லை. கோயிலில் வைத்து ஐந்து பேர் வளையல் அடுக்கியதோடு சரி. ஆடியில் பிறக்கும் என்றார்கள்.

சித்திரை முடிகிற சமயத்தில் ஒரு நாள் சாயங்காலம் வானம் பித்தளைப் பாத்திரம் மாதிரி மஞ்சளாக மாறியது. காற்று நின்றது. மாடுகள் கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி வந்தன. முதல் கல் விழுந்ததும் யாரோ கூரை மேல் கல்லெறிகிறார்கள் என்று அப்பா தடியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போன வேகத்தில் தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். கோலிகுண்டு அளவில் ஆரம்பித்து எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது. ஓடு உடைகிற சத்தத்தில் நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை. அம்மா என்னை நெல் குதிருக்கும் சுவருக்கும் நடுவில் தள்ளி, மேலே தன் வயிற்றோடு குனிந்து நின்றாள்.

கால் மணி நேரம் இருந்திருக்காது. நின்ற பிறகு ஒரு வாசனை வந்தது பாருங்கள், அது இன்னும் என் மூக்கில் இருக்கிறது. வேப்பிலையை ஊரே சேர்ந்து கசக்கிப் போட்ட வாசனை. மரத்தில் ஒரு இலை இல்லை. தெருப் பிள்ளைகள் ஐஸ் கட்டியைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு ஆடினார்கள். நானும்தான் போட்டுக்கொண்டேன். திரும்பி வந்து அண்ணாந்து பார்த்தால் எங்கள் கூடத்துக்கு மேலே வானம் இருந்தது.

மறுநாள் காலையில் அப்பா சுவர் மேல் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். கூடம், அடுப்படி, அத்தை அறை, எல்லாம் போச்சு. பத்துக்கு ஒரு ஓடு தேறினால் அதிகம். பக்கத்து வீட்டுப் பெரியப்பா, "கீத்து போட்டுக்கடா இப்பத்திக்கு" என்றார். ஓட்டு வீட்டைக் கீற்று வீடாக்க அப்பாவுக்கு மனசு வரவில்லை. வந்தாலும் பயனில்லை. தென்னை மட்டையெல்லாம் கல் அடித்துக் கிழிந்து கிடந்தது. ஊர் ஊராக இதே கதி. பாகூர் ஓட்டு வியாபாரி ஒரே ராத்திரியில் விலையை ஏற்றிவிட்டார். கடலூரிலிருந்து ஒரு லோடு சீமை ஓடு வெள்ளிக்கிழமை வருகிறது. முழுப் பணத்தை முன்னால் வைக்கிறவருக்குத்தான் ஓடு. விட்டால் அடுத்த லோடு எப்போது என்று தெரியாது. அப்பாவிடம் பணம் இல்லை. கரும்புக் காசு வரவில்லை. அம்மா கழுத்தில் தாலிக் கயிற்றைத் தவிர எதுவும் மிச்சமில்லை, எல்லாம் கரும்பு நடும்போதே அடகுக்குப் போய்விட்டது. மழைக் காலத்துக்கு முன்னால் பிள்ளை பிறக்கும். பிறக்கிற பிள்ளைக்கு மேலே கூரை வேண்டும்.

அன்று சாயங்காலம் அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது. கூரையில்லாத வீட்டில் ரகசியம் ஏது?

"அக்கா சங்கிலி சும்மாதான கெடக்குது" என்றார் அப்பா.

"வேணாங்க. அடைப்பு முடியட்டும்."

"அடைப்பு முடியறதுக்குள்ள நீ பெத்துடுவ. மழைல நனைஞ்சிக்கினு பெப்பியா?"

"கதவத் தொறக்கக் கூடாதுங்க."

"யாரு கதவத் தொறக்கறாங்க? மேலதான் ஆகாசமா கெடக்குதே. கவுறு கட்டி எறக்கினா போச்சு. கதவு பூட்டினது பூட்டினபடி இருக்கும். சொந்தக்காரன் எவனும் வாயத் தொறக்க முடியாது."

"யார எறக்குவீங்க?"

"நான் கொள்ளி வச்சவன், நான் போவக்கூடாது. பாப்பா போவட்டும். இன்னும் வயசுக்கு வராத பொண்ணு, தீட்டு ஒட்டாது. எடையும் இல்ல."

பாருங்கள், நம்பிக்கை இல்லாத மனிதர் எத்தனை சட்டம் தெரிந்து வைத்திருந்தார். அம்மா பாத்திரத்தை நகர்த்தி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அப்ப நான் எறங்குறேன்" என்றாள். அப்பா சிரித்தார். "வயித்தோடயா?" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நான் கூடத்தில் படுத்தபடி பூட்டிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அப்பா பாகூருக்குப் போனார். மத்தியானம் அம்மா என்னைப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பினாள். "பெரிம்மாகிட்ட மோர் வாங்கியா. உக்காந்து வெளையாடிட்டு மெதுவா வா" என்றாள். அங்கே எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் மோரை வாங்கிக்கொண்டு சீக்கிரமே பின்பக்கச் சந்து வழியாக வந்தேன். அந்தச் சந்து அத்தை அறையின் பின்சுவரை ஒட்டிப் போகும்.

சுவருக்கு உள்ளே யாரோ பெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

சர், சர் என்று ஈர்க்குமாற்றுச் சத்தம். ஓட்டுச்சில்லு உருளுகிற சத்தம். நடுநடுவே நின்று மூச்சு வாங்குகிற சத்தம். அதோடு வளையல் சத்தம். பெருக்குகிற கை ஒவ்வொரு தடவை வரும்போதும் கண்ணாடி வளையல் குலுங்கியது. எனக்கு அத்தை காதோரம் கையை ஆட்டிக் கேட்டதுதான் ஞாபகம் வந்தது. மோர்ச் சொம்பைக் கீழே போட்டேனா வைத்தேனா என்று தெரியவில்லை. பெரியப்பா வீட்டுக்குத் திரும்பி ஓடி, அவர்கள் எழுந்திருக்கும் வரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா கிணற்றடியில் தலைக்குக் குளித்துவிட்டு முடி துவட்டிக்கொண்டிருந்தாள். விரலில் மஞ்சள் அரைத்துப் பற்றுப் போட்டிருந்தாள்.

"எலியா இருக்கும்."

"வளையல் சத்தம் கேட்டுதும்மா."

"ஒங்க அத்தைக்கு ஏதுடி வளையல்?"

அத்தை வளையல் போட்டதை நான் பார்த்தேன் என்று சொல்லவில்லை. சொன்னால் செத்தவளைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தேன். சோறு இறங்கவில்லை. அம்மாவும் சாப்பிட்டதாக ஞாபகம் இல்லை.

மறுநாள், வியாழக்கிழமை, உச்சி நேரம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து அப்பா நடுச்சுவர் மேல் ஏறி உட்கார்ந்தார். கிணற்றுத் தாம்புக்கயிற்றை என் அக்குளுக்கு அடியில் கட்டினார்கள். அம்மா என் நெற்றியில் திருநீறு வைத்து, முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அங்க இங்க பாக்காத. காலுக்குக் கீழ மட்டும் பாரு. கால் வச்ச எடத்த வுட்டு நவுராத. இன்னா?"

"அப்பா பெட்டியத் தொறக்கச் சொன்னாரே."

"மொதல்ல கீழ பாரு" என்றாள்.

அத்தையின் உயிர் போக என்று பிரித்த வழியில், கயிற்றில் தொங்கியபடி நான் இறங்கினேன். கல் அடித்து அந்த வழி பெரிதாகியிருந்தது. பாதி தூரம் போனதும் வெளியே கேட்ட சத்தமெல்லாம் நின்றுவிட்டது. உள்ளே வெற்றிலை, பூச்சி உருண்டை வாசனை அப்படியே இருந்தது. நாலு மாதம் மேலே திறந்து கிடந்தும் அந்த வாசனை போகவில்லை. மூலையில் தகரப் பெட்டி. கொடியில் அவள் சேலை ஒன்று. தை மாதத்திலேயே நின்றுபோன தேதிக் காலண்டர். தரை முழுக்கச் சிவப்பு ஓட்டுச்சில்லு, கத்தி மாதிரி நிமிர்ந்து நின்றது. எனக்குக் காலில் செருப்பு கிடையாது.

ஆனால் என் காலுக்கு நேர் கீழே, அத்தை படுத்திருந்த இடம், ஒரு ஆள் நீளத்துக்குச் சுத்தமாக இருந்தது. ஒரு சில்லு இல்லை. விளக்குமாறு போன கோடு கோடாகத் தடம் இருந்தது. அதன் நடுவில் ஒரு வெற்றிலை. நேற்றுப் பறித்தது மாதிரி பச்சையாக இருந்த அந்த வெற்றிலை மேல் ரெட்டை வடச் சங்கிலி இருந்தது.

நானா ஒரு நாளு குடுப்பேன், அப்ப வாங்கிக்க.

இரண்டு கையையும் நீட்டி, கல்யாண வீட்டில் தாம்பூலம் வாங்குவது போல, வெற்றிலையோடு சேர்த்து எடுத்தேன். பக்கத்தில் ஒரு பச்சைக் கண்ணாடி வளையல் துண்டு கிடந்தது. அதையும் ஏன் எடுத்தேன் என்று தெரியாது. கயிற்றை இழுத்தேன்.

மேலே வந்து அப்பாவிடம் கொடுத்தேன். "அதுக்குள்ள பெட்டியத் தொறந்துட்டியா?" என்றார். தொறக்கல, கீழ வெத்தல மேல இருந்துது என்றேன். அப்பா அந்த வெற்றிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நடுச்சுவர் மேல், அந்த வெயிலில், அவர் முழங்கையில் மயிர்க்கால் எழுந்து நின்றதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் நம்பிக்கை இல்லை என்று சொன்னதே கிடையாது. அக்கா தானாகவே கொடுத்தாள் என்று கடைசி வரை நம்பினார். வருஷா வருஷம் ஆடியில் அவளுக்குச் சேலை வைத்து, வளையல் வைத்துப் படைப்பார். அம்மா வாயைத் திறக்காமல் வடை சுடுவாள்.

சங்கிலி அன்றைக்கே பாகூருக்குப் போனது. வெள்ளிக்கிழமை ஓடு வந்தது. ஒரு வாரத்தில் கூரை ஏறிவிட்டது. புதுச் சீமை ஓட்டின் சுட்ட மண் வாசனை, முதல் மழைக்கு அது குடித்த தண்ணீர்ச் சத்தம், எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஊரில் முதலில் கூரை போட்ட வீடு எங்களுடையது. அப்பா நாலு நாள் மீசையை முறுக்கிக்கொண்டு நடந்தார்.

ஆனி மாதத்தில், நாள் ஆவதற்கு முன்னாலேயே அம்மாவுக்கு வலி கண்டுவிட்டது. வெளியே நல்ல மழை. கூரையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்து, உள்ளிருந்து குழந்தை அழுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அம்மா சத்தம் நின்றது. அதற்கப்புறம் மழைச் சத்தம் மட்டும்தான். மருத்துவச்சி ஒரு துணி மூட்டையோடு வெளியே வந்து அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். தம்பி.

மொத அடி வச்சவ நான்தான். ஒரு உசுரு கேக்காம போவாது.

அப்பா ஒரு வார்த்தையும் என்னைச் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். யாரும் எதுவும் சொல்லாததால் நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். அப்புறம் அம்மாவுக்கு வயிறு திறக்கவேயில்லை. அந்தப் பச்சை வளையல் துண்டை ஜியாமெட்ரி பாக்ஸில் ரொம்ப நாள் வைத்திருந்தேன். எந்த ஊர் மாற்றலில் தொலைந்தது என்று தெரியவில்லை.

என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், எந்த அறைக்குள்ளும் நான் முதலில் நுழைய மாட்டேன். ஹெட்மாஸ்டர் அறையோ கல்யாண மண்டபமோ, "நீங்க போங்க" என்று அடுத்தவரை முன்னால் விடுவேன். என்ன மரியாதை, என்ன பண்பு என்று பிரிவு உபசார விழாவில்கூடப் பேசினீர்கள். புகுந்த வீட்டில் வலது கால் எடுத்து வைக்கச் சொன்னபோது நான் நடுங்கியதை வெட்கம் என்றார்கள். இந்த மூலக்குளம் வீட்டுக்குக் கிரகப்பிரவேசத்தில் மாட்டை முன்னால் விட்டார்கள் அல்லவா, அன்றைக்குத்தான் நிம்மதியாக நுழைந்தேன். கணக்கு வாத்தியாரம்மா, பேய் பிசாசு எல்லாம் பொய் என்று வகுப்பில் சொன்னவள். வகுப்பறைக்குள்ளும் ஒரு பிள்ளையை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் போவேன்.

இப்போது மூலக்குளத்துக்கே வருகிறேன். ஃபேப்ரிகேஷன் பையன் எஸ்டிமேட் கொடுத்த மறுநாள் காலையில், உடைந்த ஷீட்டை ஒரு தடவை பார்க்கலாம் என்று மாடிப்படி ஏறினேன். வீட்டுக்குள் இருக்கிறபடியே வெறுங்காலோடு.

அம்மா நாற்காலியிலிருந்து திரும்பாமலே, "செருப்பப் போட்டுக்கினு போ" என்றாள். "சில்லு கெடக்கும். அன்னிக்கு மாதிரி நான் பெருக்கி வச்சிருக்கேன்னு நெனச்சியா?"

நான் மூன்றாவது படியில் நின்றேன்.

"என்னிக்கும்மா?"

"அதான், ஒங்கப்பன் கவுத்துல கட்டி எறக்குனாரே. புள்ளைக்குச் செருப்பு இருக்குதா இன்னான்னுகூடப் பாக்கத் தெரியாத மனுசன். அந்த ரூம் பூரா ஒடஞ்ச ஓடு. கால கிழிச்சிக்கினு வந்திருப்ப."

இறங்கி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தேன். டிவி சத்தத்தைக் குறைத்தேன்.

"நீ உள்ள போனியா?"

"போவாம? சாமி மாடத்துலதான சாவி. முள்ள அவுத்துட்டுப் போயி, பெட்டியத் தொறந்து எடுத்துக் கீழ வச்சிட்டு வந்தேன். நீ அந்தப் பெட்டியத் தொட வேணாம்னுதான். கையோட எடுத்தாந்தா கதவத் தொறந்தது ஒங்கப்பனுக்குத் தெரிஞ்சிடும். குனிஞ்சி பெருக்கவே முடில, வயிறு இடிக்குது. கைய சுவுத்துல ஊணும்போது வளகாப்பு வளையல் ஒண்ணு ஒடஞ்சிது. அப்பவே மனசுல பட்டுச்சு."

பச்சை வளையல். அத்தையுடையது ஊதா. ஒன்பது வயதில் தெரியாமல் போனது சரி. அதற்கப்புறம் எத்தனை வருஷம்.

"அப்பாகிட்ட ஏம்மா சொல்லல?"

"அக்கா குடுத்ததா நெனச்சிக்கினு அந்தாளு நிம்மதியா இருந்தாரு. இருந்துட்டுப் போறாருன்னு வுட்டுட்டேன்."

"வெத்தல மேல வச்சிருந்தியே, அது எதுக்கு?"

அம்மா என்னைப் பார்த்தாள். "வெத்தலயா? நான் எங்க வெத்தல வச்சேன். தரைலதான் வச்சேன். அந்தக் கல்லுமழைக்கு அப்புறம் ஊர்ல ஏது வெத்தல? ஒரு இல இருந்துதா எங்கயாவது?"

அவளுக்கு மறதி என்று வைத்துக்கொள்கிறேன். எண்பது வயதுக்கு மேல் மறதி இயற்கை. நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அவள் வேறு எதையும் மறந்திருக்கவில்லை.

"பயமா இல்லியாம்மா? பஞ்சாங்கக்காரரு சொன்னாரே, மொத அடி வக்கிறவங்கள வுடாதுன்னு."

"பயந்தான். அதான் நான் போனேன்." அம்மா முந்தானையால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தாள். "ஒங்கப்பன் ஒன்ன எறக்காம வுட மாட்டாருன்னு தெரிஞ்சுபோச்சு. மொத அடி என்னுதா இருந்துட்டா ஒன் பின்னால வராது பாரு. என்னத்தான் கேக்கும்னு நெனச்சேன். சரி, கேக்கட்டும், ஒனக்கும் கூரையாச்சுன்னு நெனச்சேன். வயித்துல இருந்தத கேக்கும்னு எனக்குத் தோணவே இல்ல."

நான் என் கதையை அவளிடம் சொல்லவில்லை. இத்தனை வருஷம் நான் சுமந்தது இன்னதென்று தெரிந்தால், அதையும் அவள் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வாள். அவள் பாதத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வெடித்து, வீங்கி, தரையில் சரியாகப் பதியாமல் இருந்தது. எனக்கு முன்னால் அந்த அறைக்குள் போன பாதம். அன்றைக்கும் நான் இரண்டாவதாகத்தான் போயிருக்கிறேன்.

வாசலில் பைக் வந்து நின்றது. பையன் எட்டிப் பார்த்து, "ஆன்ட்டி, ஆர்டர் போட்டுடலாமா? மாடிய இன்னொரு வாட்டி பாத்துடறேன்" என்றான். வழக்கம்போல, நீ போப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாயை மூடிக்கொண்டேன்.

"இன்னா நிக்கிற, போ" என்றாள் அம்மா.

செருப்பைப் போட்டுக்கொண்டு முன்னால் ஏறினேன்.